சோக் போட்டால்தான் ஓடுகிறதா?

கேள்வி: கஜா புயலில் தென்னைகள் விழுந்தபோது வாங்கிய பெட்ரோல் மரம் அறுக்கும் மெஷின், நான்கு மாதமாகக் கொட்டகையில் சும்மா கிடந்தது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது. எடுத்ததும் இரண்டு உறுமலோடு நின்றுவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். சோக் காற்றை அடைக்கிறது. காற்றை அடைத்தால்தான் ஓடும் என்றால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அதற்குக் கார்புரேட்டரைத் தவிர வேறு காரணங்களும் உண்டு.

முதலில் பீடியை அணையுங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோல்-ஆயில் கலவையைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பாட்டிலின் அடிப்பக்கம் ஒரு கோடு தெரிந்தால் அதுதான் சங்கதி. டேங்கில் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, இன்ஜின் குடிப்பது ஆயில் இல்லாத அடிச்சரக்கை.

புதுக் கலவை ஊற்றியும் சரியாகவில்லையா? கம்பியைக் கொக்கிபோல் வளைத்து ஃபில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள். அதன் ரப்பர் குழாயை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை நன்றாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். அப்போதும் பெரும்பாலும் குற்றவாளி உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வுதான். தளர்வாக அசைய வேண்டியது, காய்ந்த அப்பளம்போல் விறைத்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகி, எப்படியோ ஓட வைத்து மரத்தில் இறக்காதீர்கள். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம்.

பழுது தீர்ந்ததும், அடுத்த முறை மூட்டை கட்டி வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

கேள்வி: பைக்குக்கு வாங்கி மீந்த இன்ஜின் ஆயிலை மரம் அறுக்கும் மெஷினின் பெட்ரோலில் கலக்கலாமா?
- சவுக்கு வெட்டுபவர், கடலூர்

பதில்: கூடாது. அது எரிவதற்கென்று செய்த ஆயில் இல்லை. பிளக்கும் சைலன்சரும் கரியால் அடைபடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்றே விற்கும் 2டி ஆயில்தான் வேண்டும். மெஷினின் கையேட்டில் 50க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. தனிக் கேனில் கலந்து குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்றுங்கள். மீந்த ஆயில் புதிதென்றால், செயின் ஆயில் தீர்ந்த அவசரத்துக்குச் செயின் ஆயில் டேங்கில் ஊற்றிக்கொள்ளலாம். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் அங்கேயும் வேண்டாம்.