லாரி ஏசி கம்ப்ரசர் க்ளட்ச்சை வீட்டில் மாற்ற முடியுமா? முடியும், நான் மாற்றினேன்

கேள்வி இதுதான்: லாரியில் ஏசி போட்டால் காற்று மட்டும் வருகிறது, குளிர் இல்லை. க்ளட்ச் போய்விட்டது, கம்ப்ரசரோடு சேர்த்து மாற்றினால்தான் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். க்ளட்ச்சை மட்டும் வீட்டிலேயே மாற்ற முடியுமா, கேஸ் வெளியே போய்விடாதா?

கேஸ் போகாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் கை வைப்பதில்லை. பெல்ட் சுற்றும் புல்லி, கரண்ட் போனால் காந்தமாகும் காயில், அந்தக் காந்தம் இழுத்ததும் புல்லியோடு ஒட்டிக் கம்ப்ரசரைச் சுற்றவைக்கும் முன்பக்க க்ளட்ச் தட்டு மூன்றும் கம்ப்ரசருக்கு வெளியே மாட்டியிருப்பவை. கேஸை அடைத்து வைத்திருக்கும் ஷாஃப்ட் சீல் இவற்றுக்குப் பின்னால் உள்ளே இருக்கிறது. ஹோஸ் பைப்பைக் கழற்றாத வரை உள்ளே இருக்கும் கேஸுக்கு ஒன்றும் ஆகாது.

நீங்களும் என்னைப் போல ஒற்றை வண்டிக்காரர் என்று நினைக்கிறேன். பத்து வண்டி வைத்திருப்பவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், மேனேஜரிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நமக்கு டியூ தேதி கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

நான் ஏசி மெக்கானிக் இல்லை. சங்ககிரிப் பக்கம் ஒரே ஒரு 12 சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். ஏசி வண்டியோடு வந்ததில்லை, வெளியே பொருத்தியது. தெரிந்தவர்கள் யாராவது 'அரைகுறையாகச் சொல்லாதே' என்று வரலாம். என் கையால் செய்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

2021 ஏப்ரலில் என் ஏசிக்கு ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. காலையில் நன்றாகக் குளிரும். மதியம் இஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும். ராத்திரி மறுபடி வேலை செய்யும். ஒரு பட்டறையில் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு கம்ப்ரசர் போச்சு என்றார்கள். புதுக் கம்ப்ரசர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் கொடுத்து மாற்றினேன். பழையதைக் கொடுத்தால் ஆயிரம் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொடுக்க ஏனோ மனம் வரவில்லை, பழையதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகை ஓரம் போட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து டைனமோ வேலைக்கு ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் வீட்டுக்கு வந்தார். சாக்கைப் பார்த்து என்ன என்று கேட்டார், சொன்னேன். பேட்டரியிலிருந்து ஒயர் எடுத்து அதன் காயிலுக்குக் கொடுத்துப் பார்த்தார், தட்டு லேசாக அசைந்ததே தவிர ஒட்டவில்லை. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டார். 1.2 மில்லிமீட்டர் இடைவெளி. அரை மில்லி அளவுதான் இருக்க வேண்டும். நடு நட்டைக் கழற்றி, தட்டை எடுத்து, உள்ளே இருந்த மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். ஒயரைத் தொட்டதும் 'டக்' என்று ஒட்டியது. "தம்பி, இந்த ஒரு வாஷரைக் கழட்டியிருந்தாப் போதுமுங்க" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தையும் அவர்தான் சொன்னார். தட்டு தேயத் தேய இடைவெளி கூடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் காந்தத்தின் இழுப்பு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். அதோடு, செம்புக் கம்பி சூடானால் கரண்ட் குறைவாகத்தான் போகும். முப்பது டிகிரியில் இருக்கும் காயில் நூறு டிகிரிக்குப் போனால் அதன் தடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் காலையில் ஒட்டும் க்ளட்ச் மதியம் ஒட்டுவதில்லை. உங்கள் வண்டியும் இப்படி நேரம் பார்த்து நிற்கிறது என்றால், புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள், முதலில் இடைவெளியை அளங்கள்.

அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. வரிசையாக வண்டி நிற்கும்போது அளந்து பார்க்க அவருக்கு நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த 27,000 என் பணம். வட்டிக்கு வாங்கிய பணம்.

இரண்டாவது தடவை 2024 மே மாதம். சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு நாக்பூரில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, ஆதிலாபாத் தாண்டியதும் முன்பக்கம் கீச்சென்று சத்தம். ஏசியை அணைத்தேன், சத்தம் நிற்கவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்தாலும் புல்லி மட்டும் இஞ்சினோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதன் பேரிங் போனால் ஏசி ஓடாதபோதும் கத்தும். ஏசி போட்டால் மட்டும் கத்தினால் தட்டு வழுக்கலாம், கம்ப்ரசரே கோளாறாகவும் இருக்கலாம்.

ஓரம் கட்டி, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. என் வண்டியில் ஏசிக்குத் தனி பெல்ட், அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டு மீதித் தூரம் ஓட்டினேன். ஏசியோடு ஆல்டர்னேட்டருக்கும் தண்ணீர் பம்புக்கும் சேர்த்து ஒரே பெல்ட் ஓடுகிற வண்டி என்றால் இப்படிச் செய்ய முடியாது, இஞ்சின் சூடேறி உட்கார்ந்துவிடும். ஹைதராபாத், கர்னூல், அனந்தப்பூர் என்று அந்த வெயிலில் மூன்று நாள் வந்தேன். வீட்டுக்கு வந்தபோது வலது கை தோல் உரிந்திருந்தது.

இந்தத் தடவை நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். பழைய கம்ப்ரசர்தான் இருக்கிறதே, அதை இரண்டு தடவை பிரித்து மாட்டிப் பழகினேன். தட்டு, புல்லி, காயில் மூன்றும் சேர்ந்த க்ளட்ச் செட்டை ஒரு கடையில் வாங்கினேன், 4,600 ரூபாய். பெட்டியில் 24 வோல்ட் என்றுதான் போட்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் காயிலின் தடை 3.4 ஓம் காட்டியது. அது 12 வோல்ட் கார் காயில். இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே வாட்ஸ்தான் இழுக்கும், அதனால் 24 வோல்ட் காயிலுக்கு நாலு மடங்கு தடை, பதிமூன்று, பதினாலு ஓம் இருக்க வேண்டும். இதை லாரியில் மாட்டியிருந்தால் ஏழு ஆம்பியர் இழுத்துப் புகைந்திருக்கும். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், பெட்டி மாறிவிட்டது என்றார். வாங்கும் இடத்திலேயே அளந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, கேபினைச் சாய்த்து லாக் விழுந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன். சாய்த்த கேபின் கீழே வந்தால் ஆள் பிழைக்க மாட்டான். சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மச்சினன் கூட இருந்தான். "மாமா, இதெல்லாம் ஊட்ல பண்ற வேலைங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான்.

நடு நட்டைக் கழற்றத் தட்டு சுற்றாமல் பிடிக்க வேண்டும். தட்டில் இருக்கும் மூன்று ஓட்டைகளில் பிடிக்கத் தனிக் கருவி இருக்கிறது. நான் ஒரு பட்டைக் கம்பியில் போல்ட் வெல்டிங் வைத்துச் செய்துகொண்டேன். ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பலமாக நெம்பினால் தட்டின் ஸ்பிரிங் வளைந்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் நேராக ஒட்டாது. தட்டு வெளியே வரும்போது ஷிம்கள் சிதறும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். அடுத்து சர்கிளிப் (புல்லி நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்), புல்லி, மறுபடி ஒரு சர்கிளிப், காயில். என் புல்லி கையோடு வரவில்லை, புல்லர் போட்டுத்தான் இழுத்தேன். சர்கிளிப் எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது தெறித்தால் கண் போய்விடும்.

எல்லாம் கழற்றியபின் இரண்டு விஷயம் பார்த்தேன். ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? இருந்தால் சீல் ஒழுகுகிறது, புதுக் க்ளட்ச் மாட்டினாலும் அந்த எண்ணெய் பட்டு வழுக்கிப் போய்விடும். அப்புறம் தட்டை நட்டோடு தற்காலிகமாக மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசான இழுவையோடு சீராகச் சுற்ற வேண்டும். இறுகி நின்றாலோ, உள்ளே கரகரவென்று அரைத்தாலோ கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டது. அப்போது பட்டறைக்காரர் சொல்வதுதான் சரி, க்ளட்ச் வாங்கிய காசு வீண்.

புதியதை மாட்டும்போது காயிலின் பின்பக்க முளை கம்ப்ரசர் பாடியில் இருக்கும் குழியில் உட்கார வேண்டும், ஒயர் புல்லியில் உரசாமல் பார்த்துக் கட்ட வேண்டும். சர்கிளிப்பின் சரிவான பக்கம் வெளியே பார்க்க வேண்டும். புல்லியை உள்ளே இறக்கச் சுத்தியலால் ஓரத்தில் தட்டவே கூடாது. பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் புதுப் பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும், ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

எனக்கு நேரம் தின்றது இடைவெளிதான். செட்டோடு வந்த ஷிம் எல்லாம் போட்டு நட்டை முறுக்கினால் 0.95. அரை மில்லி ஷிம் ஒன்றை எடுத்தேன், 0.45 வந்தது. 0.4-க்கும் 0.8-க்கும் நடுவில் இருந்தால் போதும். ஆனால் சுற்றி மூன்று இடத்தில் பார்த்தால் ஒரு இடத்தில் 0.3 தான் இருந்தது. அந்த இடத்தை மட்டும் லேசாக நெம்பிச் சரிசெய்து மறுபடி அளந்தேன். மச்சினன் பொறுமை இழந்துவிட்டான். நான் விடவில்லை, 27,000 ரூபாய்ப் பாடம் அது. நட்டைக் கை ஸ்பானரால்தான் முறுக்கினேன், இம்பாக்ட் கன் வேண்டாம்.

முடித்து, பெல்ட் போட்டு, ஸ்டார்ட் செய்து ஏசி சுவிட்சை இருபது தடவை போட்டுப் போட்டு அணைத்தேன். தட்டும் புல்லியும் ஒன்றோடொன்று உரசிப் படிவதற்கு அது. பிறகு அப்பாவைக் கேபினில் ஏற்றி உட்காரவைத்தேன். முப்பது வருடம் ஓட்டியவர். இஞ்சின் மூடிமேல் நனைந்த சாக்கைப் போட்டுக்கொண்டு மே மாதம் நாக்பூர் போய் வந்தவர். வெளியே 38 டிகிரி. காற்று வரும் இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் 9-க்கு இறங்கியது. அப்பா அந்தக் காற்றில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "எங்க காலத்துல இது இருந்திருக்கோணும் கண்ணு" என்றார்.

டிரைவருக்கு எதற்கு ஏசி, சொகுசில் தூங்கிவிடுவான் என்று இதே மாதிரிக் கேள்விகளுக்குக் கீழே சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். வெயிலில் உடம்பு வற்றிப் போனாலும்தான் தூக்கம் வரும். 2025 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று அரசாங்கமே கொண்டுவந்துவிட்டது. எழுதுகிறவர்கள் ஒரு தடவை மே மாதம் ஆதிலாபாத் வரை கேபினில் உட்கார்ந்து வந்துவிட்டு எழுதட்டும்.

ஏசி இருந்தும் என்ன? குடோன் வாசலில் இஞ்சினை அணைக்கச் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு குடோனில் லோடு இறக்க 52 மணி நேரம் நின்றேன். காத்திருப்புக் கூலி ஒரு பைசா தரவில்லை. கக்கூசுக்கு உள்ளே விடவில்லை, டிரைவர்களுக்கு அனுமதி இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அவர்கள் சரக்கை ஆயிரம் கிலோமீட்டர் பத்திரமாகக் கொண்டுவந்தவனுக்கு ஒரு வாளித் தண்ணீர் கிடையாது. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் லாரி ஏசி பற்றி எழுத உட்கார்ந்தால் இதை எழுதாமல் விட முடியவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். நீங்கள் சத்தம் பற்றி ஒன்றும் எழுதவில்லை, குளிர் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறீர்கள். அப்படியென்றால் க்ளட்ச்சைத் தொடுவதற்கு முன் ஏசியைப் போட்டு, காயிலுக்கு வரும் ஒயரில் 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, இல்லையென்றால் கேஸ் குறைந்து பிரஷர் சுவிட்ச் தடுக்கிறது. அந்த சுவிட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டாதீர்கள், எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரசர் நிஜமாகவே இறுகிவிடும். வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் காயிலின் ஓம், தட்டின் இடைவெளி இரண்டையும் அளந்து இங்கே கமென்ட்டில் எழுதுங்கள். இந்த வாரம் ஊரில்தான் இருக்கிறேன், பார்த்துப் பதில் சொல்கிறேன்.