பெண்களுக்குப் பாதி சீட்டு, சரி, எந்தத் தொகுதியில்?

வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு ஒதுக்கீடு பற்றி வந்த கேள்விகளில் சில. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

2023-இல்தான் சட்டம் வந்துவிட்டதே. கட்சிகள் இனி மூன்றில் ஒரு பங்கு பெண்களை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? (ஆசிரியை, தஞ்சாவூர்)

இல்லை. நிறையப் பேர் தொகுதி ஒதுக்கீட்டையும் வேட்பாளர் ஒதுக்கீட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்கிற சட்டம், அதாவது அரசியலமைப்பின் 106-ஆவது திருத்தம், தொகுதிகளை ஒதுக்குகிறது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தொகுதிகளில் பெண்கள் மட்டுமே நிற்கலாம் என்பதுதான் அது. மற்றத் தொகுதிகளில் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. வேட்பாளர் ஒதுக்கீடு என்பது வேறு. தொகுதி எல்லாருக்கும் பொது. கட்சி தருகிற சீட்டில் இத்தனை பெண்களுக்கு என்று விதி. நம்மிடம் அப்படி ஒரு விதி இல்லாமல் நடந்த 2024 தேர்தலில் (தொகுதி ஒதுக்கீடும் அப்போது நடைமுறைக்கு வரவில்லை), களத்தில் நின்ற 8,360 பேரில் பெண்கள் 800. ஜெயித்தவர்கள் 543-க்கு 74.

பாதி சீட்டு கொடுத்தால் எம்.பி.க்களிலும் பாதிப் பேர் பெண்களாகிவிடுவார்களா? (கல்லூரி மாணவர், மதுரை)

நாம் தமிழர் கட்சி 2019-லும் 2024-லும் புதுச்சேரியையும் சேர்த்து 40 தொகுதிகளில் 20 பெண்களை நிறுத்தியது. ஒருவரும் ஜெயிக்கவில்லை. (ஆண்களும்தான் ஜெயிக்கவில்லை, அது வேறு கதை.) அதே 2019-இல் ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் 21-இல் 7 சீட்டைத்தான் பெண்களுக்குக் கொடுத்தது, 5 பேர் டெல்லி போனார்கள்.

அதில் அஸ்கா தொகுதியை மட்டும் பாருங்கள். கட்சித் தலைவர் நவீன் பட்நாயக் முதன்முதலாக ஜெயித்த தொகுதி, கட்சியின் கோட்டை. அங்கே நிறுத்தப்பட்டவர் பிரமிளா பிசோயி. மகளிர் சுயஉதவிக் குழு நடத்திவந்தவர், எழுபது வயதை ஒட்டியவர், பெரிய படிப்பெல்லாம் கிடையாது. இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே அம்மாவைக் கட்சிக்கு ஆளே இல்லாத ஒரு தொகுதியில் நிறுத்தியிருந்தால் டெபாசிட்டாவது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

நேபாளத்தில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2015 அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு கட்சியிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. கீழவையில் 165 பேர் நேரடித் தொகுதியிலிருந்து, 110 பேர் கட்சிக்கு விழும் வாக்கு விகிதப்படி கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். 2017-இல் நேரடியாக ஜெயித்த பெண்கள் 6 பேர்தான். தொகுதிகளை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். குறைந்த கணக்கைப் பட்டியலில் சரிக்கட்டினார்கள். அதனால் எந்த மசோதாவைப் பார்த்தாலும் நான் சதவீதத்தை இரண்டாவதாகத்தான் படிப்பேன். ஜெயிக்கிற இடம் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அர்ஜென்டினாவின் 1991 சட்டத்தில் எழுதியிருந்தது: பட்டியலில் 30 சதவீதம் பெண்கள், அதுவும் ஜெயிக்க வாய்ப்புள்ள வரிசையில்.

விதியை மீறினால் அபராதம் போட்டால் போதாதா?

பிரான்ஸ் போட்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேட்பாளர்களில் ஆண் பெண் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இல்லையென்றால் கட்சிக்கு அரசு தரும் நிதியில் வெட்டு. அங்கேயும் நம்மைப் போல ஒரு தொகுதிக்கு ஒருவர்தான். பெரிய கட்சிகள் என்ன செய்தன? கையிலிருக்கும் எம்.பி.யை எழுப்பிவிட மனமில்லாமல் அபராதத்தைக் கட்டின. 2002-இல் 577 பேரில் பெண்கள் 71. முந்தைய தேர்தலில் 63. பிறகு வெட்டை இரண்டு தடவை கூட்டினார்கள். 2017-இல் 224 பேர் வந்தார்கள். அந்த வருஷம் ஒரு புதுக்கட்சி அலையடித்ததும் ஒரு காரணம். புதுக்கட்சியில் எழுப்பிவிட வேண்டிய பழைய எம்.பி. யாரும் இருக்கமாட்டாரே!

பெண் ஜெயிப்பார், கணவர் ஆள்வார். பஞ்சாயத்தில் பார்க்கிறோமே? (ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர், தேனி)

பார்க்கிறோம், மறுக்கவில்லை. மெக்சிகோவில் இதை எழுத்துமூலமாகவே செய்தார்கள். அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று ஆள் உண்டு. உறுப்பினர் விலகினால் அவர் உட்காருவார். 2009-இல் ஜெயித்த பெண்கள் சிலர் அவை கூடிய கையோடு விடுப்புக் கடிதம் கொடுக்க, ஆண் மாற்றுகள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்காக யாரும் ஒதுக்கீட்டைத் தூக்கிப் போடவில்லை. பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று 2011-இல் தேர்தல் தீர்ப்பாயம் சொன்னது. கதை அதோடு முடிந்தது. பஞ்சாயத்துக்கும் இப்படி ஓட்டையைப் பார்த்து அடைக்கிற வழிதான்.

தகுதி குறைந்துவிடாதா?

யாருடைய தகுதி? சுவீடனின் சமூக ஜனநாயகக் கட்சி 1993-இல் பட்டியலை ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி அடுக்க முடிவெடுத்தது. அதன் உள்ளாட்சி உறுப்பினர்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் அலசினார்கள். ஆண்களின் சராசரித் திறன் கூடியிருந்தது. இடம் போனது சுமாரான ஆண்களுக்கு.

இலங்கையில் எப்படி? (வாசகி, வவுனியா)

உள்ளாட்சியில் 25 சதவீத விதியோடு 2018-இல் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத்துக்கு 2024 தேர்தல் வரை அப்படி ஒன்று இல்லை. வந்தாலும் விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலுக்குள் தனக்குப் பிடித்தவரை வாக்காளரே தேர்ந்தெடுப்பது) இருக்கிறவரை பட்டியல் வரிசைக்கு அங்கே மதிப்பில்லை. செலவழிக்க ஆள் இல்லாத பெண் வேட்பாளர் தன் கட்சி ஆண்களோடேயே மல்லுக்கட்ட வேண்டும். பிரேசிலிலும் இதே நிலைமைதான். 30 சதவீதத்தை நிரப்பப் பெயருக்கு ஒரு பெண்ணைச் சேர்ப்பார்கள், அவருக்கு ஒரு ஓட்டுகூட விழாது. இப்படிப்பட்டவர்களை அங்கே 'ஆரஞ்சுப் பழம்' என்பார்கள்.

சுயேச்சைக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது. ஒற்றை ஆளை எப்படிப் பாதியாக்குவது?