நீர்மூழ்கிக் கப்பல் வேலை: கோத்தகிரித் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இயந்திரவியல் டிப்ளமோ முடித்த தம்பி, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் தொடர்பான வேலைக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், கதிர்வீச்சை நினைத்து அவருடைய தாயார் உறக்கமின்றி இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடற்படையில் சேர்ந்து கப்பலுக்குள் பணிபுரிவது ஒரு வழிதான். ஆனால் டிப்ளமோ படித்தவருக்கு, அத்தகைய கப்பலின் உதிரிபாகங்களைச் செய்யும் இடத்திலும் சோதிக்கும் இடத்திலும்தான் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பது என் கருத்து.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவில் ஒரு பேரிங் போய்விட்டால், காலையில் குன்னூரில் கடை திறந்ததும் வாங்கிவந்து மாட்டிவிடுவீர்கள். ஏவுகணைகளைச் சுமந்து வாரக்கணக்கில் கடலுக்கடியில் இருக்கும் கப்பலுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அதில் பொருத்தும் ஒவ்வொரு வால்வுக்கும், அந்த எஃகு எந்தத் தடவை உருக்கிய தொகுதியிலிருந்து வார்க்கப்பட்டது, யார் வெல்டிங் செய்தார், யார் சோதித்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். வால்வின் உடலில் குத்தியிருக்கும் ஹீட் நம்பர், அதாவது அந்த உருக்குத் தொகுதியின் எண், காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லையென்றால், பாகம் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் என்ற அணுசக்தி நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போனதே தொடக்கம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய ஏறத்தாழ 3,000 இணைப்புகளில் 145 மட்டுமே மீயொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால்) சோதிக்கப்பட்டிருந்தன. அவற்றிலும் 14 விழுக்காடு தரக்குறைவாக இருந்தன. தம்பி கற்க வேண்டியது அந்தச் சோதனையைத்தான்.

மீயொலிச் சோதனையில் கதிர்வீச்சே கிடையாது என்பதைத் தாயாரிடம் முதலில் சொல்லுங்கள். கதிர்களால் உட்புறத்தைப் படம்பிடிக்கும் ரேடியோகிராபியில் இரிடியம்-192 போன்ற கதிர்மூலம் உண்டு. பணியாளர் ஒவ்வொருவரும் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் அணிந்தே வேலை செய்வார், அந்த அளவின் ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. உதகை இந்து நகர்த் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் எக்ஸ்-ரே பிலிம் தயாரானதை அறிவீர்கள். வெல்டிங்கின் உட்புறத்தைப் படம்பிடிப்பதும் அதே கோட்பாடுதான்.

இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்த் கப்பலின் அணு உலைக்கு முன்மாதிரி இயங்கியது நம் கல்பாக்கத்தில். கப்பல் உருவானது விசாகப்பட்டினத்தில். எனவே அந்த உலையை வடிவமைத்த பாபா அணு ஆராய்ச்சி மையம் உதவித்தொகையுடன் பயிற்சியாளர்களை எடுக்கும் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். அதுவரை திருச்சியில் உள்ள பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நடத்தும் பயிற்சிகளை விசாரியுங்கள். சில வாரங்களில் சான்றிதழும் வெளிநாட்டு வேலையும் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவர்களை நம்ப வேண்டாம். என்னிடம் வந்த மாணவர் ஒருவர் அப்படிப் பணம் கட்டிவிட்டு, கருவியைக் கையால் தொடாமலேயே திரும்பினார். பணி அனுபவம் இல்லாமல் வாங்கிய, சோதனையாளருக்கான இரண்டாம் நிலை (லெவல் 2) சான்றிதழை எந்த நல்ல பட்டறையும் மதிப்பதில்லை.

உடனே பார்க்க வேண்டியது இன்னொன்று. இவ்வேலைகளில் காவல்துறைச் சரிபார்ப்பு கடுமையாக இருக்கும். நீங்கள் அனுப்பிய நகல்களில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தம்பியின் தலைப்பெழுத்து ஒன்றாகவும் ஆதாரில் இரண்டாகவும் இருக்கிறது. இந்த வாரமே இ-சேவை மையத்துக்குச் சென்று, மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரைத் திருத்த என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.