மார்புக்காம்பைத் தேய்த்து உரமேற்ற வேண்டுமா?

எனக்கு ஏழாவது மாதம். தினமும் குளிக்கும்போது சொரசொரப்பான துண்டால் காம்பைத் தேய்த்து வந்தால் பிறகு பால் கொடுக்கும்போது புண் வராது என்கிறார் மாமியார். செய்யலாமா?

வேண்டாம். காம்பு புண்ணாவதற்குத் தோலின் மென்மை காரணமல்ல. குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதால்தான் புண்ணாகிறது. வாய்க்குள் ஆழமாகப் போகாத காம்பு, நாக்குக்கும் கெட்டியான மேல் அண்ணத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். குடித்து முடித்ததும் காம்பு ஒரு பக்கம் சீவிவிட்டதுபோல் சரிந்திருந்தால் காரணம் இதுவே. தேய்த்தால் இருக்கிற தோலும் உரியும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் சின்னச் சின்ன மேடுகள் தெரிகின்றன அல்லவா? அவை எண்ணெய்ப்பசை சுரந்து காம்பைக் காக்கும் சுரப்பிகள். அங்கே சோப்புகூடத் தேவையில்லை, தண்ணீர் போதும்.

அந்த நேரத்தில் ஒரு பொம்மையை வைத்துப் பிடிக்கும் விதத்தைப் பழகுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க, மூக்கு காம்புக்கு நேராக வர வேண்டும். வாயை அகலத் திறந்ததும் மோவாய் முதலில் மார்பில் பதியும்படி குழந்தையை உங்களிடம் இழுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் முதுகுதான் வலிக்கும்!

ஒரு பக்கக் காம்பு உள்ளடங்கி இருக்கிறது. பால் கொடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவளையத்தின் விளிம்பில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வெளியே வந்தால் கவலையே இல்லை. உள்ளே போனால்தான் அது உள்ளடங்கிய காம்பு. அதை இழுத்துவிடும் பயிற்சிகளும் ப்ராவுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களும் ஆராய்ச்சிகளில் பலன் தரவில்லை. குழந்தை வாய் நிறையக் கவ்வ வேண்டியது மார்பை. பிரசவம் பார்ப்பவர்களிடம் இப்போதே சொல்லிவைத்தால், முதல் முறை கவ்வவைக்கும்போது உடனிருந்து உதவுவார்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறது. முதலில் சுரக்கும் சீம்பாலை முன்கூட்டியே எடுத்துவைக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம், மருத்துவர் சம்மதித்தால். சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் ரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும். அப்போது இந்தச் சீம்பால் கைகொடுக்கும். பொதுவாக 36-37 வாரங்களில் தொடங்குவார்கள். காம்பைத் தூண்டும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையையும் சுருக்கும். எனவே குறைமாதப் பிரசவ அபாயம், கர்ப்பப்பை வாயில் தையல், நச்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், ரத்தப்போக்கு இருப்பவர்கள் தொடவே கூடாது.

கையைக் கழுவி, காம்பின் அடியிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி விரல்களை வையுங்கள். நெஞ்சை நோக்கி அழுத்தி, விரல்களைச் சேர்த்துப் பிழிந்து, விடுங்கள். தோலின்மேல் விரல் வழுக்கினால் வலிக்கும், பாலும் வராது. பக்கத்துக்கு 3-5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். வருவது சில சொட்டுதான், அதனால் பம்ப் வேண்டாம்; அதன் சுவரிலேயே எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி, மூடி, தேதி எழுதி உறையவையுங்கள். வயிறு இறுகி இறுகித் தளர்ந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒன்பதாவது மாதம், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பால் வராதோ?

கசிவுக்கும் சுரப்புக்கும் சம்பந்தமில்லை. நச்சுக்கொடி வெளியேறி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கிய பிறகே பால் பெருகும், அதற்கு 2-4 நாட்களாகும். அதுவரை சீம்பாலே உணவு. ஆனால் கர்ப்பம் முழுக்க மார்பில் எந்த மாற்றமுமே இல்லை என்றாலோ, மார்பில் முன்பு அறுவைசிகிச்சை நடந்திருந்தாலோ மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள்.