ஆண்ட்ரோமெடாவின் சுருளைக் காண முடியுமா?

கேள்வி: 1200 மி.மீ. குவியத் தூரம் கொண்ட 6 அங்குலத் தொலைநோக்கியில் 10 மி.மீ. ஐபீஸை (கண்ணருகே வைக்கும் லென்ஸ்) பொருத்தி ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்தான் தெரிந்தது. படங்களில் உள்ள சுருள் கரங்களைக் காணவில்லை. கருவியில் ஏதும் குறையா?

பதில்: குறை ஏதும் இல்லை. நீங்கள் கண்டது சுமார் 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள அந்த மண்டலத்தின் நடுப்பகுதி. 10 மி.மீ. ஐபீஸ் தரும் 120 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு முழுநிலவு கூடக் காட்சிக்குள் முழுமையாக அடங்குவது கடினம். ஆண்ட்ரோமெடாவோ ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவுக்கு வானில் நீண்டு கிடக்கிறது. தவிர, இத்தகைய பரந்த பொருளைப் பெரிதாக்கும்தோறும் அதன் ஒளி பரவி மங்கிவிடும்.

ஆகவே உருப்பெருக்கம் குறைவாகத் தரும் 32 மி.மீ. போன்ற ஐபீஸுக்கு மாறி, நிலவில்லாத இரவில், நகர வெளிச்சம் எட்டாத இடத்தில் அரை மணி நேரம் கண்களை இருளுக்குப் பழக்கிய பிறகு பாருங்கள். மையத்தை நேராக நோக்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால், மங்கிய ஒளியை உணரும் விழித்திரைச் செல்கள் வேலை செய்யும். அப்போது ஆண்ட்ரோமெடாவின் இரு சிறு துணை மண்டலங்களுள் எம்32 கலங்கிய விண்மீன் போலவும், மறுபுறம் எம்110 நீள்வட்ட மங்கலாகவும் புலப்படும். எம்110 இருக்கும் பக்கத்தில் பொறுமையாகக் கவனியுங்கள்: எதிர்ப்பக்கத்தில் மெல்லத் தேய்ந்து மறையும் ஒளி, இங்கே கத்தரித்தாற்போல் நின்றுவிடும். அந்த விளிம்புதான் மண்டலத்தின் ஒளியை மறைக்கும் தூசுப் பட்டை. நல்ல இருள் வாய்த்தால் 6 அங்குலக் கருவியிலேயே இதைக் காணலாம். என்னைப் பொறுத்தவரை, ஆண்ட்ரோமெடாவில் கண்ணால் காணத்தக்கவற்றுள் இதற்கு ஈடானது வேறில்லை.

சுருள் கரங்கள் தெரியாததற்கு ஒரு காரணம், அந்த மண்டலம் நம் பார்வைக்கு ஏறத்தாழ விளிம்பைக் காட்டிச் சாய்ந்திருப்பது. மற்றொன்று, கரங்களின் ஒளி மிக மங்கலாக இருப்பது. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். கண்ணால் அது முடியாது. 1923இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, ஆண்ட்ரோமெடா நம் பால்வழிக்கு வெளியே இருப்பதைக் காட்டிய, ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்ததும் ஒளிப்படத் தகடுகளில்தான்.

சுருளைக் கண்ணாலேயே காண விரும்பினால், நமக்கு முகம் காட்டி நிற்கும் எம்51 என்ற விண்மீன் மண்டலத்தைத் தேடுங்கள். 1845இல் அயர்லாந்து வானியலாளர் ராஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியில் முதன்முதலாகச் சுருள் வடிவைக் கண்டது அதில்தான். 6 அங்குலக் கருவியில் அது இரண்டு மங்கிய பொட்டுகளாகவே தெரியும். மிக இருண்ட வானில் 10 அங்குலக் கருவியோடு பார்த்தால் கரங்களின் சாயல் தென்படத் தொடங்கும்.