கட்டுச்சோறு கெட்டது அரிசியால் அல்ல

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று முக்கொம்பு போனோம். முதல் நாள் இரவு 10 மணிக்கே குக்கரில் சாதம் வைத்து, அப்படியே மூடி வைத்துவிட்டேன். விடிகாலையில் எழுந்து புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நான்கு சாதமும் கலந்து ஹாட்பாக்ஸில் அடைத்தேன். மதியம் 1 மணிக்குத் திறந்தால் தயிர் சாதம் புளித்துப் பொங்கியிருந்தது, எலுமிச்சை சாதம் கல்லாய் இறுகியிருந்தது. தேங்காய் சாதம் மட்டும் வாசனை மாறாமல் இருந்தது. ஆனால் அதைச் சாப்பிட்ட குழந்தைகள் இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். எங்கள் பாட்டி செய்த புளியோதரை இரண்டு நாள் தாங்கும். இப்போது வரும் அரிசியே சரியில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: அரிசியை விட்டுவிடுங்கள். உங்கள் கட்டுச்சோறு விடிகாலையில் கெடவில்லை, முதல் நாள் இரவே கெடத் தொடங்கிவிட்டது.

அரிசியில் இயல்பாகவே ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். கொதிக்கிற தண்ணீரில் மற்ற கிருமிகள் செத்தாலும் இந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சாதம் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மூடிய குக்கரில் சாதம் மெதுவாகத்தான் ஆறும். இரவு 10 மணியிலிருந்து விடியும்வரை அந்த வெதுவெதுப்பை நீங்களே காத்து வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. தாளித்து, வதக்கி, கிளறினாலும் அப்படியே இருக்கும். நாற்றமும் அடிக்காது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். குழந்தைகளுக்கு வந்தது இதுதான் என்று இங்கே உட்கார்ந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் இதோடு பொருந்துகிறது. முகர்ந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் கொடுப்பதை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள்.

தேங்காய் சாதம் ஏன் சீக்கிரம் கெடுகிறது, புளியோதரை ஏன் தாங்குகிறது? கலந்த பிறகு கிருமி பெருகுவதைத் தடுக்கிற புளிப்பு தேங்காயில் இல்லை. துருவிய தேங்காயில் ஈரமும் இனிப்பும்தான் இருக்கின்றன. நெய்யில் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தாலும் அதை மதியத்துக்குக் கட்டக் கூடாது. காலை 8 மணிச் சிற்றுண்டியாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

பாட்டியின் புளியோதரைக்கு வருவோம். 400 கிராம் பச்சரிசிக்கு 70 கிராம் பழம்புளி, 100 மில்லி நல்லெண்ணெய், 15 கிராம் கல்லுப்பு என்பது பழைய கை அளவு. இன்று கொலஸ்டிரால் என்று எண்ணெயைப் பாதியாக்குகிறோம், ரத்தக்கொதிப்பு என்று உப்பைக் குறைக்கிறோம், பிள்ளைகளுக்குப் புளிப்பு ஆகாது என்று புளியையும் குறைக்கிறோம். வீட்டில் உடனே சாப்பிட அது சரிதான். குறைத்த அளவில் செய்துவிட்டு இரண்டு நாள் தாங்கவில்லை என்று அரிசியை நோவது நியாயமில்லை. கெடாமல் காப்பது புளியும் உப்பும். நல்லெண்ணெய் கிருமியைக் கொல்வதில்லை. பருக்கைகள் காய்ந்து இறுகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மூன்றும் வேண்டும்.

புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்து வைக்கலாம், அதில் தவறில்லை. கெட்டியாகக் கரைத்த புளியை எண்ணெயில் விட்டு 20 முதல் 25 நிமிடம் கொதிக்க வையுங்கள். பச்சை வாசனை போனதும் இறக்கிவிடுகிறார்கள், அது போதாது. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்று, கரண்டியில் எடுத்தால் தேன் போல வழிய வேண்டும். தண்ணீர் மிச்சமிருந்தால் அந்த ஈரம் சாதத்தில்தான் ஏறும். வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் இறக்கும்போது சேர்த்தால் போதும். வேர்க்கடலையைத் தனியாக வறுத்து ஒரு டப்பாவில் எடுத்துப்போய் சாப்பிடும்போது தூவுங்கள். முன்பே கலந்தால் நமுத்துப்போகும்.

சாதம் அன்று விடிகாலை 4 மணிக்கு வடிக்க வேண்டும். ஒரு பங்கு பச்சரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர். ஆவி அடங்கியதும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கடியில் 20 நிமிடம் வையுங்கள். எலுமிச்சை சாதம் இறுகியதற்கும் இதுவே மருந்து. ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்த சாதத்தில் மாவுச்சத்து இறுகிவிடும், பிறகு எண்ணெய் விட்டாலும் உள்ளே இறங்காது. குளிர்பெட்டியில் வைத்த சாதம் இன்னும் சீக்கிரம் இறுகும். சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசிவிட வேண்டும். 200 கிராம் அரிசிக்கு இரண்டு நடுத்தர எலுமிச்சம்பழம் போதும். சாற்றைத் தாளிப்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் கசக்கும். அடுப்பை அணைத்துச் சற்று ஆறியபின் விடுங்கள். மதியத்துக்குள் சாதம் புளிப்பையும் உப்பையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கலக்கும்போது வாயில் வைத்தால் ஒரு மாற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும்.

தயிர் சாதத்தைத் தயிரில் கலந்ததுதான் தப்பு. ஊருக்குக் கட்டுகிற தயிர் சாதம் பாலில் கலப்பது. 200 கிராம் அரிசியை மூன்றரைப் பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். காய்ச்சி அதே சூட்டுக்கு ஆறிய பால் 350 மில்லி, தயிர் ஒரு மேசைக்கரண்டி. 6 மணிக்குக் கலந்தால் 1 மணிக்குப் பக்குவமாக உறைந்திருக்கும். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் உறைய வைக்கிற நுண்ணுயிர் செத்துவிடும். பிறகு அது தயிராகாது, கெட்ட பாலாகும். வெங்காயமும் வெள்ளரியும் தண்ணீர் விடும், வேண்டாம். மாதுளை முத்தை இலையில் பரிமாறும்போது போடுங்கள்.

ஹாட்பாக்ஸை இதற்கு எடுக்கவே கூடாது. 60 டிகிரிக்கு மேல் சூட்டை அது சில மணி நேரம்தான் பிடித்து வைக்கும். பிறகு கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் மணிக்கணக்காக வைத்திருக்கும். சூடான சோற்றை மூடினால் ஆவி மூடியில் முத்துமுத்தாக நின்று மீண்டும் சோற்றில் சொட்டும். புளியோதரைகூட முதலில் ஊசுவது அந்த மேல்பரப்பில்தான். முழுக்க ஆறிய சாதத்தை ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கிலோ, அனலில் வாட்டி நடு நரம்பைச் சீவிய வாழையிலையிலோ கட்டுங்கள். காரின் டிக்கியில் வெயிலில் விடாமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாதத்துக்கும் ஒரு உலர்ந்த கரண்டி தனியாக எடுத்துப் போங்கள். தயிர் தொட்ட கரண்டியைப் புளியோதரையில் விடாதீர்கள்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாவடு, வறுத்த பருப்புத் துவையல் போதும். உருளைக்கிழங்குப் பொரியலும் தேங்காய்ச் சட்னியும் வீட்டுக்குத்தான். துவையலில் தேங்காய் சேர்க்காமல் துவரம்பருப்பு, மிளகாய், புளி மூன்றை மட்டும் தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரையுங்கள்.

மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் புளியோதரையை மட்டும், அதுவும் முழு அளவுப் புளியும் உப்பும் சேர்த்ததென்றால், அன்று இரவு சாப்பிடலாம். எலுமிச்சை சாதத்தையும் தயிர் சாதத்தையும் குளிர்பெட்டியில் ஏற்றாமல் கொட்டிவிடுங்கள்.