பழுதான கார் ஏசியை வீட்டிலேயே கழற்றலாமா?

கடலூரில் பழைய கார், ஏசி கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது, மொத்தமாகக் கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றலாம். ஆனால் முதலில் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஏசி மெக்கானிக்கிடம் போய் மெஷின் வைத்து கேஸை இறக்கிவிடுங்கள். ஏசியில் இருக்கும் ஆர்134ஏ என்ற அந்தக் குளிரூட்டும் கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். பைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சியடித்து விரல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுத்து பெல்ட். கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் என்றால் தொல்லை இல்லை. ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), வாட்டர் பம்ப் எல்லாம் அதே பெல்ட்டில் ஓடினால், கம்ப்ரசர் இடத்தில் வெறும் புல்லி மாட்ட வேண்டும்.

நம்ம ஊர் உப்புக்காற்றில் கண்டென்சர் (கார் முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கும். என் காரில் ஒன்று தலை முறிந்தே வந்தது. முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் அங்கேயே கிடக்கட்டும். பைப் வாயை மட்டும் அடைத்துவிடுங்கள்.